கறுப்பியும் நான் சொல்லாமல் விட்ட ஒன்றும்

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சிறிய மிருக வைத்திய நிலையத்தில் 7 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். ஊசி போடும்போது நாயைப் பிடிப்பது, புண் கழுவுவது, கணக்கு எழுதுவது எல்லாம் என் வேலை. சம்பளத்தில் சேராத வேலை ஒன்றும் உண்டு: ஆளில்லாத நாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி, வளர்க்க ஆள் தேடிக் கொடுப்பது. இதுவரை 14 நாய்களைக் கொடுத்துவிட்டேன். கறுப்பி மட்டும் போகவில்லை.

பாலத்தடியில் மோட்டார் சைக்கிள் அடித்துக் கிடந்தவளை ஓர் ஆட்டோக்கார அண்ணன் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். வரும் வழியிலேயே பெயரும் வைத்துவிட்டார். முன்னங்கால் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. நாயின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. பின்னங்கால் போவதைவிட இது சிரமம். ஆனாலும் மூன்றாம் நாளே எழுந்து, தடுமாறித் தடுமாறி என் சாப்பாட்டுப் பெட்டியிடம் வந்துவிட்டாள். அதில் கீரிமீன் பொரியல் இருந்தது.

கால் இல்லாததால்தான் யாரும் எடுக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வருகிறவர்களின் முதல் கேள்வி "கடுவனா, பெட்டையா?" என்பதுதான். பெட்டை வருடத்துக்கு இரண்டு தரம் குட்டி போடும், வளவைச் சுற்றிக் கடுவன்கள் நிற்கும் என்ற பயம். சந்தையடியில் விட்டுப்போகும் குட்டிகள் பெட்டைகளாகவே எங்களிடம் வந்து சேருவதும் அதனால்தான். கருத்தடை செய்தாயிற்று என்று காதிலுள்ள வெட்டு அடையாளத்தைக் காட்டுவேன். "என்றாலும் பெட்டைதானே தங்கச்சி" என்பார்கள். தெருநாய்களைக் கொல்வதை 2006 இல் இலங்கை அரசு நிறுத்தியது நல்ல காரியம். கொல்லாமல் விட்ட நாய் எங்கே போய்ப் படுக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. கறுப்பி என் குசினி வாசலில் படுத்திருக்கிறாள்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தை முடி என்பார்கள். நான் பொய் சொல்லவில்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டால் கறுப்பிக்கு ஆகாது. மட்டக்களப்பில் படலையைத் திறந்து வருகிறவர்களில் பாதிப் பேர் ஹெல்மெட்டோடுதான் வருவார்கள். ஆரையம்பதியிலிருந்து வந்த குடும்பம் காலையும் பொருட்படுத்தவில்லை, பெட்டை என்பதையும் பொருட்படுத்தவில்லை. அந்த அம்மா தழும்பைத் தடவிக்கொடுத்தபோது எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தாள். அந்த வீட்டு மருமகன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே போயிருக்கிறார். கெண்டைக்காலில் பல் பட்டுவிட்டது. விசர்நாய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தது. இருந்தும் அவர் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதாயிற்று. நாயை 14 நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். அந்த அம்மா ஏசவில்லை. "முதலே சொல்லியிருந்தால் படலைக்கு வெளியே கழற்றச் சொல்லியிருப்பேனே மகள்" என்றார். ஏசியிருக்கலாம்.

இப்போது என் ஹெல்மெட் குசினித் தரையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் பக்கத்தில்தான் அவளுக்குச் சோறு வைக்கிறேன். முதலில் கழுத்தை மட்டும் எட்டி நீட்டித் தின்றாள். இப்போது அதன் மேலேயே தலையை வைத்துத் தூங்குகிறாள். அதையே ஒருவர் தலையில் கண்டால் மட்டும் உறுமல் நிற்கவில்லை.

கேட்டு வருகிறவர்களுக்கு ஹெல்மெட் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். பிறகு பெட்டை என்பது. கால் கடைசியில். போன மாதம் வந்த மூன்று பேரும் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். "தரகர் வேலைக்கு நீர் சரிவரமாட்டீர்" என்று வைத்தியர் சிரிக்கிறார்.

நேற்று வந்தாறுமூலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னிடம் சைக்கிள்தான் இருக்கிறது, பிள்ளை" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.