1632-ஆம் ஆண்டுப் பதிப்பை மாட்ரிடில் பார்வையிட்ட அனுபவம்

அஸ்தெக் பேரரசை ஸ்பானியர் வென்ற வரலாற்றை, அப்போரில் பங்கெடுத்த படைவீரரான பெர்னால் தியாஸ் தெல் காஸ்தியோ முதுமையில் குவாத்தமாலாவில் இருந்துகொண்டு எழுதினார். 1584-இல் அவர் காலமானார். நூல் 1632-இல்தான் மாட்ரிடில் அச்சேறியது. அந்த முதல் பதிப்பின் படிகள் எல்லாம் ஒன்றுபோல் அமையவில்லை. சிலவற்றில் ஆண்டு அச்சிட்ட எளிய முகப்பேடும், வேறு சிலவற்றில் ஆண்டு குறிக்கப்படாத செப்புத்தகட்டுச் சித்திர முகப்பேடும் இருக்கின்றன. இவ்விரண்டையும் நேரில் ஒப்பிட விரும்பி, ஸ்பெயின் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்தேன்.

அரிய நூல்களைப் பார்க்கப் பொது வாசகர் அட்டை போதாது. ஆய்வாளர் அட்டை வேண்டும். கடவுச்சீட்டைக் காட்டி, ஆய்வின் நோக்கத்தையும் எழுதிக் கொடுத்து அதைப் பெற்றேன். மூலத்தைக் கையில் வாங்குவதுதான் கடினமான கட்டம். மின்படியாக்கப்பட்ட நூல் என்றால், திரையில் காண முடியாத எதைக் காண விரும்புகிறீர்கள் என்ற கேள்வி எழுவது நியாயமே. பழம்பதிப்புகளின் மீது ஆர்வம் என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. தாளின் நீர்க்குறி, தகடு அழுந்திய தடம், முகப்பேடு மற்ற தாள்களோடு சேர்த்துத் தைக்கப்பட்டதா, பின்னர் ஒட்டப்பட்டதா என்று குறிப்பாக எழுதியதால் என் கோரிக்கை ஏற்கப்பட்டது.

அரிய நூல்களைப் படிக்கும் செர்வாந்தெஸ் கூடத்தில் பைக்கும் பேனாவுக்கும் இடமில்லை; பென்சில்தான். நூலைத் தாங்கிமேல் சாய்த்து வைத்துப் பிரிக்க வேண்டும். பக்கங்களுக்கு அல்லாமல் ஏடுகளுக்கு மட்டுமே எண் இடப்பட்டிருப்பதால், குறிப்பெடுக்கும்போது முன்புறமா பின்புறமா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருந்தது.

சித்திர முகப்பேட்டில் ஒருபுறம் ஸ்பானியப் படைத்தலைவர் கொர்த்தேசும் மறுபுறம் படையுடன் சென்ற துறவி பார்த்தொலொமே தெ ஒல்மேதோவும் சம உயரத்தில் நிற்கிறார்கள். தகட்டைச் செதுக்கியவர் ஹுவான் தெ கூர்ப். வெற்றியின் புகழ் முழுவதையும் கொர்த்தேசுக்கே சூட்டிய வரலாற்றாசிரியர் கோமராவின் 1552-ஆம் ஆண்டு வரலாற்றைக் கண்டு சினந்து, சாதாரண வீரர்களின் பங்கை நிலைநாட்ட வேண்டும் என்று எழுதியவர் தியாஸ். அவருடைய நூலின் வாசலில் அவருக்கோ அவர் தோழர்களுக்கோ இடமில்லாமல் போனது, என் பார்வையில், தற்செயல் அன்று. அச்சுக்குச் செப்பனிட்ட அலோன்சோ ரெமோன், மெர்செதாரியர் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்தவர். ஒல்மேதோவும் அதே சபையினர். சித்திர முகப்பேடுள்ள படியில் கூடுதலாக வரும் கடைசி அத்தியாயத்துக்கு 212 என்பதற்குப் பதிலாக 222 என்று எண் தவறி இருப்பதையும் கண்டேன், அவசரமாகச் சேர்த்திருக்கலாம்.

ஒல்மேதோ வரும் இடங்களை என் குறிப்பேட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு, குவாத்தமாலாக் கையெழுத்துப்படியைக் கொண்டு ஹெனாரோ கார்சியா 1904-05-இல் மெக்சிகோவில் வெளியிட்ட பதிப்புடன் ஒப்பிட்டேன். துறவியைப் புகழும் வரிகளில் பல அங்கே இல்லை. இந்த ஒப்பீட்டுக்கு மூலநூல் தேவையில்லை, மின்படியே போதும். முகப்பேடுகளை ஆராய விரும்புவோர் மட்டும் ஆய்வாளர் அட்டைக்கு விண்ணப்பித்தால் போதுமானது.