‘நொட்’டுக்கு முன்னா, பின்னா? ஆங்கிலப் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிக்கும் எந்தப் பிள்ளையின் கொப்பியைத் திறந்தாலும் வினையடை (‘அட்வேர்ப்’) பற்றி ஒரு பக்கமாவது இருக்கும். விதம், இடம், காலம், எத்தனை தடவை, எந்த அளவு என்று வகை பிரித்து, வகைக்கு நாலைந்து உதாரணம். ரியூசனில் அதைப் பாடமாக்கித்தான் நாங்களும் சாதாரண தரம் தாண்டினோம். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிக்குச் சேராது, அதனால் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்புறம் வெளிநாடு போகக் கேட்கும் ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சை எழுத வெளிக்கிடும்போதுதான் ஒன்று உறைக்கிறது: அந்தக் கொப்பியில் இருந்த உதாரணங்கள் எல்லாமே உடன்பாட்டு வாக்கியங்கள். மறுப்புச் சொல்லான ‘நொட்’ வந்தால் வினையடை எங்கே நிற்கும் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

நான் படித்து, எனக்கு உதவிய விதத்தைச் சொல்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்த விசயம் கண்ணை விடக் காதுக்குத்தான் சீக்கிரம் பிடிபடும்.

ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் சொந்த ஊரைப் பற்றிக் கேட்பது வழக்கம். நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வருகிறீர்கள் என்று வைப்போம். ‘ஐ டோன்ட் ரியலி லைக் க்ரவுட்ஸ்’ என்றால் கூட்டம் அவ்வளவாகப் பிடிக்காது. ‘ஐ ரியலி டோன்ட் லைக் க்ரவுட்ஸ்’ என்றால் கூட்டம் அறவே ஆகாது. சொற்கள் அதேதான், ‘ரியலி’ மட்டும் இடம் மாறியிருக்கிறது. ‘நொட்’ தனக்குப் பின்னால் நிற்பதை மறுக்கும். முன்னால் நிற்கும் வினையடையை அது தொடாது. முதல் வாக்கியத்தில் ‘ரியலி’ மறுப்புக்குள் அகப்பட்டு மெலிந்துபோகிறது. இரண்டாவதில் வெளியே நின்று மறுப்புக்கே பலம் கொடுக்கிறது.

நமக்கு இது ஏன் தடக்குகிறது? நாம் ‘அவ்வளவா பிடிக்கேல்லை’ என்போம், ‘துண்டறப் பிடிக்கேல்லை’ என்போம். இரண்டிலும் வினையடை வினைக்கு முன்னால்தான், மறுப்பு வினையின் வாலில்தான். பொருளை மாற்ற வேண்டுமானால் சொல்லை மாற்றுகிறோம். ஆங்கிலம் பல இடங்களில் சொல்லை விட்டுவிட்டு அதன் இடத்தை மாற்றுகிறது. ஆகவே எழுத முன்பு ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த வினையடையையும் சேர்த்து மறுக்கிறேனா, இல்லையா? சேர்த்து மறுத்தால் பின்னால் வை, இல்லையென்றால் முன்னால் வை. எல்லா வினையடைக்கும் இது பொருந்தாது. ஆனாலும் ஐந்து வகைப் பட்டியலை விட இது எனக்கு அதிகம் கைகொடுத்தது.

இதில் கூடுதல் சேதம் வருவது எழுத்துத் தேர்வின் இரண்டாவது கேள்வியில். 250 சொல்லுக்குக் குறையாமல் கட்டுரை. ஒரு கருத்தைத் தந்து, அதோடு எவ்வளவு தூரம் உடன்படுகிறீர்கள் என்று அடிக்கடி கேட்பார்கள். ‘அறவே உடன்படவில்லை’ என்று மனதில் நினைத்துக்கொண்டு ‘ஐ டோன்ட் கம்ப்ளீட்லி அக்ரீ’ என்று எழுதினால் வாசிப்பவருக்குக் கிடைப்பது வேறு: கொஞ்சம் உடன்படுகிறேன், முழுக்க இல்லை. அடுத்த மூன்று பந்தியிலும் அந்தக் கருத்தைத் தாறுமாறாக அடித்து நொறுக்கியிருப்பீர்கள். முன்னுரை ஒன்று சொல்ல உள்ளே வேறொன்று இருக்கும். இது இலக்கணப் பிழையாக நிற்காது. உங்கள் நிலைப்பாடே தெளிவில்லை என்று ஆகிவிடும், அதற்குத் தனியாகப் புள்ளி இருக்கிறது. அதற்காக ‘ஐ கம்ப்ளீட்லி டோன்ட் அக்ரீ’ என்று திருப்பிப் போட்டாலும் காதுக்கு உதைக்கும். ‘ஐ கம்ப்ளீட்லி டிஸ்அக்ரீ’ என்று எழுதிவிடுங்கள், தலையிடி இல்லை. உண்மையிலேயே பாதி உடன்பாடு என்றால் மட்டும் ‘டோன்ட் கம்ப்ளீட்லி’.

அடுத்தது ‘ப்ரொபப்ளி’. முதல் துணைவினைக்குப் பின்னால் போடு என்று சொல்லித்தருவார்கள். ‘ஹீ வில் ப்ரொபப்ளி கம்’, சரி. அதே விதியை வைத்து ‘ஹீ வோன்ட் ப்ரொபப்ளி கம்’ என்றால் பிசகுகிறது. அவர் அனேகமாக வரமாட்டார் என்பதில் ‘வருவது’தான் மறுக்கப்படுகிறது, ‘அனேகமாக’ மறுக்கப்படவில்லை. ஆகவே ‘ஹீ ப்ரொபப்ளி வோன்ட் கம்’. ‘வோன்ட்’டைப் பிரித்து ‘வில் ப்ரொபப்ளி நொட் கம்’ என்றாலும் சரிதான், அப்போதும் ‘நொட்’ பின்னால்தான் நிற்கிறது. பேசுகிறவரின் கணிப்பைச் சொல்லும் ‘சேர்ட்டன்லி’, ‘ஒப்வியஸ்லி’ போன்றவையும் இப்படியே.

‘ஸ்டில்’லும் வெளியே நிற்கிற சாதி. ‘த ட்ரெய்ன் ஸ்டில் ஹஸின்ட் கம்’ என்றால் யாழ்தேவிக்காகக் காத்திருந்து அலுத்துப்போனவரின் குரல். ‘த ட்ரெய்ன் ஹஸின்ட் கம் யெட்’ வெறும் தகவல். தமிழில் இரண்டுக்கும் ‘இன்னும்’தான் என்பதால் ‘ஹஸின்ட் ஸ்டில் கம்’ என்று ஒரு மூன்றாவது பிறந்துவிடுகிறது. அதை விட்டுவிடுங்கள்.

‘ஒஃபன்’ இரண்டு இடத்திலும் நிற்கும், பொருள்தான் மாறும். ‘ஹீ டஸின்ட் ஒஃபன் கம் டு க்ளாஸ்’ என்றால் வகுப்புக்கு வருவதே குறைவு. ‘ஹீ ஒஃபன் டஸின்ட் கம் டு க்ளாஸ்’ என்றால் பல நாள் வராமல் விடுகிறான், மற்ற நாட்களில் வரவும் கூடும். ‘ஆல்வேஸ்’ சாதாரணமாகப் பின்னால்தான்: ‘டஸின்ட் ஆல்வேஸ்’. எப்போதுமே வருவதில்லை என்று சொல்ல வேண்டுமென்றால் ‘நெவர்’ இருக்கிறதே. ‘யூசுவலி’ முன்னாலோ பின்னாலோ பெரிய வித்தியாசமில்லை, அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

‘டெலிபரட்லி’யை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். ‘ஹீ டெலிபரட்லி டிடின்ட் ஆன்ஸர்’ என்றால் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்தான். ‘ஹீ டிடின்ட் டெலிபரட்லி ப்ரேக் இட்’ என்றால் உடைத்தது அவன்தான், ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை. ஒன்றில் குற்றம் ஏறுகிறது, மற்றதில் இறங்குகிறது.

வாசிப்புத் தேர்விலும் இது உதவும். சரி, பிழை, தகவல் இல்லை என்று தெரிவு செய்யும் கேள்விகளில் பந்தி ‘டஸின்ட் ஆல்வேஸ் வேர்க்’ என்று சொல்லும், கேள்வி ‘எல்லாச் சந்தர்ப்பத்திலும் வேலை செய்கிறது’ என்று கேட்கும். அவசரத்தில் அந்த ‘ஆல்வேஸ்’ஸை மட்டும் கண்டு சரி என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். ‘ஆல்வேஸ்’, ‘ஒன்லி’, ‘நெஸஸரிலி’ கண்ட இடத்தில் முன்னால் ‘நொட்’ இருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.

பயிற்சிக்குக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கத் தேவையில்லை. யாழ். பொது நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகைகள் இருக்கின்றன. ஆசிரியர் தலையங்கத்தையும் வாசகர் கடிதத்தையும் எடுத்து, மறுப்பும் வினையடையும் பக்கத்தில் பக்கத்தில் வரும் வாக்கியங்களை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். நடுவில் கோடு போட்டு, முன்னால் நிற்பவை ஒரு பக்கம், பின்னால் நிற்பவை மறுபக்கம். பிறகு ஒவ்வொன்றையும் இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். சில பொருள் மாறும், சில சிரிப்பு வரும், சில அப்படியே இருக்கும். இந்த மூன்றாவது வகைதான் கொஞ்சம் எரிச்சல். அதற்கு விதி தேடி அலையாமல் கேட்டுக் கேட்டுப் பழகுவதுதான் வழி.

கடைசியாக இரண்டு சின்ன விசயம். நானும் போகவில்லை என்பதற்கு ‘ஐ டிடின்ட் கோ ஆல்ஸோ’ வேண்டாம், ‘ஐ டிடின்ட் கோ ஐதர்’. ‘ஹார்ட்லி’, ‘ரெயர்லி’ இரண்டுக்குள்ளும் மறுப்பு ஏற்கனவே இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு ‘நொட்’டைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்.