வைரஸ் பார்க்கிற கையால் சூடம் காட்டலாமா?

"மாமி, பகல் முழுக்க வைரஸோடு வேலை. சாயங்காலம் மாரியம்மனுக்குச் சூடம். ரெண்டில் எதை நிஜமா நம்புறீங்க?"

என் நாத்தனார் மகன் கேட்ட கேள்வி இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருத்துவம் படிக்கத் தொடங்கியிருக்கிறான். கேலியாகக் கேட்கவில்லை, அவனுக்கே அது உறுத்துகிறது. ஆங்கிலத்தில்தான் கேட்டான். இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்கும் தமிழ் என்றால் பூஜைப் பாட்டும் உறவுமுறைப் பெயர்களும்தான். "ரெண்டையும்தான்" என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சாத்தூர் பக்கம் பிறந்தவள். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் முதலில் இருக்கன்குடி மாரியம்மனிடம்தான் சொல்வோம். கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்தேன். மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எச்.ஐ.வி., தட்டம்மை, கொரோனா, எதற்கான மாதிரி வந்தாலும், வைரஸின் மரபணு அதில் இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனை செய்து முடிவை எழுதுவோம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை இயந்திரத்தை ஓட்டும்போதும் நோயாளிகளின் மாதிரிகளுக்கு நடுவே தட்டின் சிறு குழி ஒன்றில் வெறும் தண்ணீரை வைப்போம். மற்றவற்றில் சேர்க்கிற கலவையை அதிலும் சேர்ப்போம். அந்தக் குழி ஒன்றும் காட்டக் கூடாது. காட்டிவிட்டால் எங்கோ கலந்துவிட்டது என்று அர்த்தம், முடிவுகளை வெளியே அனுப்ப முடியாது. என்னோடு வேலை பார்க்கும் ஸூலு அக்கா, ஸூலு மரபும் கிறிஸ்தவமும் கலந்த ஷெம்பே சபையைச் சேர்ந்தவர். (அவர்களும் நம்மைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வழிபடுவார்கள்.) இன்னொருவர் ஐந்து வேளையும் தொழுபவர். மற்றொருவருக்குக் கடவுள் பேச்சே ஆகாது. தண்ணீர்க் குழி எங்கள் நால்வருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். முடிவு எழுதும் படிவத்தில் கடவுளைக் காரணமாகக் காட்ட இடமில்லை. இருக்கவும் கூடாது.

இந்த விஷயத்தில் எனக்குத் தெளிவு தந்தது அந்தக் குழிதான். வேப்பிலை அம்மையைக் குணமாக்கும் என்று ஒருவர் சொன்னால் அதைச் சோதித்துப் பார்க்கலாம். வேப்பிலை கொடுத்தவர்கள் ஒரு பக்கம், கொடுக்காதவர்கள் ஒரு பக்கம் என்று வைத்து எண்ணலாம். அது அறிவியலின் வேலை, அந்த இடத்தில் பக்தி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அம்மன் இருக்கிறாள் என்பதற்கு அப்படியொரு தண்ணீர்க் குழி வைக்க முடியாது. அவள் இல்லாத உலகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை. ஆகவே என் இயந்திரம் அவள் உண்டென்றும் சொல்லாது, இல்லையென்றும் சொல்லாது. நான் உண்டு என்கிறேன். அதைப் பரிசோதனை முடிவு என்று யாரிடமும் காட்ட மாட்டேன்.

வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வரும் ஒரு செய்தி என்னை ரொம்பவும் வருத்துகிறது. வேப்பிலை கிருமிநாசினி, மஞ்சளும் கிருமிநாசினி, முன்னோர்கள் விஞ்ஞானத்தைத்தான் மாரியம்மன் வழிபாடாக ஆக்கி வைத்தார்களாம். பெரியம்மை கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் இறந்துபோனார்கள். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 30 கோடிப் பேர் என்று கணக்கிடுகிறார்கள். வாசலில் வேப்பிலை செருகிய வீடுகளிலிருந்துதான் நம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நோயை நிறுத்தியது தடுப்பூசி. 1796இல் மாட்டம்மைச் சீழை வைத்து எட்வர்ட் ஜென்னர் தொடங்கிய வேலை, 1977இல் சோமாலியாவில் இயற்கையாகப் பரவிய கடைசித் தொற்றோடு முடிவுக்கு வந்தது. 1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். இதையெல்லாம் மறந்துவிட்டு எல்லாம் அப்போதே தெரியும் என்று பெருமை பேசினால், பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய்மார்களுக்கு என்ன மரியாதை?

அப்புறம் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1980க்குப் பிறகு எந்த மாரியம்மன் கோவிலிலும் கூட்டம் வராமல் போகவில்லை. பெரியம்மை ஏன் வருகிறது என்று விளக்கம் சொல்லத்தான் அவள் இருந்தாள் என்றால், அன்றோடு நடை சாத்தியிருக்க வேண்டும். 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள், பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்கு. மண்ணும் தகரமும் வைத்து அவர்கள் எழுப்பிய கோவில்களில் பல மாரியம்மனுடையவை. மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிபிங்கோவிலும் இன்றைக்கும் புனித வெள்ளியை ஒட்டித்தான் அம்மனுக்குத் திருவிழா. தோட்ட வேலைக்கு அன்று விடுமுறை என்பதால் அமைந்த வழக்கம் என்பார்கள். கடல் தாண்டி வந்து பெயருக்குப் பதிலாக எண்ணால் அழைக்கப்பட்ட மனிதர்களுக்குத் தங்களைத் தெரிந்த ஒருத்தி வேண்டியிருந்தாள். அவர்கள் அவளிடம் மருத்துவப் பாடம் கேட்கவில்லை.

அறிவியலுக்கு எதிரி கடவுள் நம்பிக்கைதான் என்று சொல்பவர்களுக்கு இந்த நாட்டின் கதையையே சொல்வேன். 2000 ஜூலையில் உலக எய்ட்ஸ் மாநாடு டர்பனில் நடந்தது. எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி. தான் காரணமா என்று அன்றைய அதிபர் தாபோ எம்பெக்கி சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த நேரம். மாநாட்டுக்கு முன்பே 5,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்திட்டு, ஆதாரம் தெளிவாக இருக்கிறது என்று டர்பன் பிரகடனத்தை வெளியிட்டார்கள். அப்படியும் அரசு அசையவில்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கச் சொல்லி 2002இல் அரசியல் சாசன நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. மருந்து தாமதமானதால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கும் அதிகமான உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னால் கணக்கிட்டார்கள். எந்தச் சாமியும் அந்த மாத்திரையைத் தடுக்கவில்லை. பூசாரியோ பாதிரியாரோ தடுக்கவில்லை. முடிவு கண்முன்னால் இருந்தும் ஏற்க மறுத்த பிடிவாதம் தடுத்தது. அந்தப் பிடிவாதம் யாருக்கும் வரலாம், கோவிலுக்கே போகாதவருக்கும் வரலாம்.

2020 மார்ச் 27 முதல் ஊரடங்கு. ஏப்ரல் 10 புனித வெள்ளியன்று கோவில் கதவுகள் மூடியிருந்தன. அழுதவர்களைப் பார்த்தேன், நானும் அழுதேன். ஆனால் திறந்தே ஆக வேண்டும் என்று எங்கள் தெருவில் ஒருவர்கூடச் சண்டைக்குப் போகவில்லை. அந்த நிதானத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

வீட்டுக் கதையும் உண்டு. என் மாமியாருக்கு இடுப்பைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பியது. எங்கள் ஊரில் என்றால் அக்கி என்று சொல்லிக் குயவரிடம் கூட்டிப்போய்ச் செங்காவியால் எழுதியிருப்பார்கள். சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, உடம்பு தளரும்போது மறுபடி எழுவதுதான் அக்கி. வைரஸை அடக்கும் எசைக்ளோவிர் மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அத்தைக்கு அம்மன் திருநீறும் வேண்டும் என்றார். நெற்றியில் இட்டுவிட்டேன், கொப்புளத்தில் வைக்க விடவில்லை. "அம்மாவே அனுப்பின மருந்தா இருக்கட்டும்" என்று மாத்திரையைக் கண்ணில் ஒற்றி விழுங்கினார். நான் மறுத்துப் பேசவில்லை. மாத்திரை வேளைக்கு உள்ளே போனது. எனக்கு வேண்டியது அதுதான்.

நான் அம்மனிடம் என்ன கேட்கிறேன் என்றால், ஒரு கைக்குழந்தையின் மாதிரியில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று எழுத நேரும் நாட்களில் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள் என்று கேட்கிறேன். முடிவை மாற்று என்று கேட்பதில்லை. மாதிரியை மறுபடி ஓட்டி உறுதி செய்தபின்தான் கையெழுத்திடுகிறேன். இந்த இரண்டும் ஒன்றையொன்று இடிப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இடிக்கும் இடம் வேறு. டர்பன் தமிழர்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அபூர்வம். அம்மனுக்கு விரதம் என்று சாப்பாட்டை நிறுத்திவிட்டு இன்சுலினை வழக்கம்போலப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழுகிறார்கள். விரதம் என்று இன்சுலினையே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் ஆபத்து. ஆடி மாதம் இங்கே குளிர்காலம். கூழ் ஊற்றும் நாளை எங்கள் பக்கம் போரிட்ஜ் பிரேயர் என்பார்கள். இந்த முறை கூழ் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டுச் சர்க்கரை பார்க்கிறோம், கோவில் கமிட்டி சம்மதித்துவிட்டது. இன்சுலின் போடுகிறவர்கள் விரதத்துக்கு முன்னால் டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லி அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் இடத்தில் எழுதி ஒட்டப் போகிறோம். பிள்ளைகளுக்கு ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் போட வேண்டிய தட்டம்மை ஊசி விட்டுப்போயிருந்தால், தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள்.