மாநாட்டுக்குப் போகிற உண்மையான காரணம்

பிப்ரவரி 11

ஒரு மென்பொருள் மாநாட்டுக்குப் போக அனுமதி கேட்டு மேலாளருக்கு எழுத வேண்டும். அந்தச் சிரமம்கூட நமக்கு வேண்டாமென்று அமைப்பாளர்களே இணையதளத்தில் ஒரு மாதிரிக் கடிதம் போட்டிருக்கிறார்கள். பெயரையும் தேதியையும் நிரப்பினால் போதும். 'கற்றதைத் திரும்பி வந்து குழுவுக்குச் சொல்லித் தருவேன்' என்று என் சார்பில் அவர்களே வாக்கும் கொடுத்துவிடுகிறார்கள். பல மாநாடுகளில் இப்போது இது வழக்கம்தான். படித்தபோது ஒன்று உறைத்தது. மாநாட்டின் விளம்பரம் என்னைப் பார்த்துப் பேசவே இல்லை. செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறவரைப் பார்த்துப் பேசுகிறது. அதனால்தான் அது பாடத்திட்டம் மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 14

அனுமதி கிடைத்தது. கடிதத்தில் எழுதாத காரணம் இதுதான்: எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும். ஏற்கெனவே மாற்றி அடி வாங்கிய யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டும். மேடையில் அதை முழுசாகச் சொல்ல மாட்டார்கள். நிறுவனம் பார்த்து ஒப்புதல் தந்த ஸ்லைடுகளில் தோல்வி வந்தாலும் தலைசீவி, பவுடர் போட்டுத்தான் வரும். கூட வருகிற நண்பர் வேலை மாறப் பார்க்கிறார். அதற்கெல்லாம் மாதிரிக் கடிதம் கிடையாது.

மார்ச் 20

தொடக்க உரை. பெரிய திரை, பெரிய இசை. வீடியோ எப்படியும் யூடியூபில் வந்துவிடும். ஸ்டால்களில் கழுத்து அட்டையை ஸ்கேன் செய்துகொண்டு ஒரு ஜோடி சாக்ஸ் தந்தார்கள். இனி விற்பனை மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும்.

மார்ச் 21

காபி வரிசையில் முன்னால் நின்றவரிடம் சர்வர் மாற்றத்தைப் பற்றிச் சொன்னேன். "லினக்ஸ் பதிப்பும் மாறுதா?" என்றார். ஆமாம் என்றதும் வரிசையை விட்டு வெளியே இழுத்துக்கொண்டு போனார். லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜி-லிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியது. தரவுக் கோப்புகளை அப்படியே கொண்டுபோனால், எழுத்துத் தரவின் மேல் உள்ள இண்டெக்ஸ்கள், அதாவது பதிவுகளைச் சட்டென்று தேட உதவும் பட்டியல்கள், பழைய வரிசையிலேயே இருக்கும். உள்ளே இருக்கிற பதிவையே இல்லை என்று சொல்லும். ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்கிற யூனிக் கட்டுப்பாட்டையும் தாண்டி இரட்டைப் பதிவு நுழையும். பிழைச் செய்தி எதுவும் வராது. அவர்கள் அதைக் கண்டுபிடித்தபோது நிறைய தரவு கலந்துபோயிருந்ததாம். சரி, தீர்வு? மாற்றிய உடனே இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் ஆவணங்களிலும் இருக்கிறது. ஆனால் தேட வேண்டும் என்று தெரிந்தால்தானே தேடுவோம்? உரையாடலில் எதிராளி நம்மைத் திருப்பிக் கேட்கிறார். வீடியோ கேட்காது.

மார்ச் 24

இப்படி ஒரு நடைபாதைப் பேச்சின் கதை உண்டு. 2008-இல் டொரண்டோவில் நடந்த அஜைல் (மென்பொருளைச் சிறு சிறு படிகளாக உருவாக்கும் முறை) மாநாட்டில் ஆண்ட்ரூ ஷேஃபர் ஒரு கலந்துரையாடலை அறிவித்தார். ஆர்வம் இல்லை என்று நினைத்து அவரே போகவில்லை. வந்தவர் பாட்ரிக் டெபுவா ஒருவர்தான். அவர் விடாமல் ஷேஃபரைத் தேடிப் பிடித்து நடைபாதையில் பேசினார். அடுத்த ஆண்டு டெபுவா பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடத்திய கூட்டத்தின் பெயரிலிருந்துதான், மென்பொருளை எழுதுகிறவர்களும் அதை இயக்குகிறவர்களும் சேர்ந்து வேலை செய்யும் முறையைக் குறிக்கும் டெவ்ஆப்ஸ் என்ற சொல் பரவியது. அந்த நடைபாதையை எந்த நிகழ்ச்சி நிரலில் அச்சடிப்பது?

மேடை வீண் என்று சொல்லவில்லை. அந்தத் தலைப்புகள் இல்லாவிட்டால் அந்த மனிதர்கள் ஓரிடத்தில் கூடியிருக்கவே மாட்டார்கள். ஆனால் உரைக்கும் உரைக்கும் நடுவே பத்து நிமிடம்தான் விட்டிருந்தார்கள். வராந்தாவில் பேச்சு சூடு பிடிக்கும்போதெல்லாம் தன்னார்வலர்கள் எங்களை அரங்குக்குள் துரத்தினார்கள். அடுத்த மாநாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பேச்சாளர் பட்டியலுக்கு முன்னால் இடைவேளை நேரத்தைத்தான் பார்க்கப் போகிறேன்.