ஸ்டார்ஃப்ளீட் கேப்டன் சட்டை தைத்த அனுபவம்

1966இல் தொடங்கிய முதல் ஸ்டார் டிரெக், விண்வெளிக் கதை சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். அதில் ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்கலப் படையின் கேப்டன் கிர்க்கின் சட்டை பொன்னிறமாகத் தெரியும். உடை வடிவமைப்பாளர் வில்லியம் வேர் தீஸ் தேர்ந்தெடுத்த துணியோ மங்கலான பச்சை. வெல்வெட் போல ரோமமுள்ள அந்த வெலூர் துணி, படப்பிடிப்பு விளக்கிலும் ஃபிலிமிலும் மஞ்சளாக மாறிவிட்டது. சில அத்தியாயங்களில் கிர்க் போடும், குறுக்கே மடித்துக் கட்டும் மேற்சட்டை வேறு வகைத் துணி. அதனால் அது மட்டும் பச்சையாகவே பதிவானது.

ஆகவே அந்தச் சட்டையைத் தைக்க, துணிக்கடைக்குப் போகும் முன்பே முடிவெடுத்துவிட வேண்டும்: திரையில் கண்ட நிறமா, தைத்த துணியின் நிறமா? நாங்கள் பச்சையை எடுத்தோம். கடை டியூப்லைட்டை நம்பாமல் ஒரு சாண் துணி வாங்கி வந்து, வெயிலில் ஒரு படம், மஞ்சள் பல்பின் கீழ் ஒரு படம் எடுத்துப் பார்த்தோம். பல்பில் கடுகு நிறத்தை நோக்கிச் சாய்கிற பச்சைதான் சரி. கிளிப்பச்சை எந்த வெளிச்சத்திலும் கிளிப்பச்சைதான்.

நடுத்தர உடம்புக்கு 58 அங்குல அகலத்தில் 2 மீட்டர் போதும். வெலூர் என்றால் கால் மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். அதன் ரோமம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டாவிட்டால் ஒரு கை மட்டும் வேறு நிறமாகத் தெரியும். வெட்டும் முன் துணியை நனைத்துக் காயவைப்பது கட்டாயம். தொடரிலேயே வெலூர் சட்டைகள் சலவைக்குப் போய்வரும்போதெல்லாம் சுருங்கின. மூன்றாம் பருவத்தில் நைலான் டபுள் நிட் என்ற இரட்டைப் பின்னல் துணிக்கு மாறினார்கள். அந்த வகைத் துணி தைக்க எளிது, புதிதாகத் தைப்பவர்களுக்கு அதையே சொல்வேன்.

சட்டை ராக்லன் வெட்டு: கைத்துண்டு கழுத்துவரை ஏறிப் போகும், தோளில் தனி மூட்டு கிடையாது. முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி, பாலியஸ்டர் நூல், 2.5 மி.மீ. நீளத்தில் மிகக் குறுகிய ஜிக்ஜாக் தையல். நேர்த்தையல் போட்டால் தலைவழியாக மாட்டும்போது நூல் அறுந்துவிடும்.

சிக்கலான இடம் ஜிப். அது இடப்பக்க முன் ராக்லன் மூட்டுக்குள் ஒளிந்து, காலர் வழியாக மேலே போகும். அந்த மூட்டு சாய்வாக வெட்டப்பட்டது. துணியும் நீளும், ஜிப் நீளாது. அப்படியே வைத்துத் தைத்தால் மார்பில் அலை அலையாகச் சுருக்கம் விழும். மூட்டின் இரு ஓரத்திலும் 2 செ.மீ. அகல ஃபியூசிங் பட்டையை (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பட்டை) ஒட்டி, முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டு, பிறகு மெஷினில் வையுங்கள். ஜிப்பை அக்குளுக்கு 3 செ.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் குத்தும். கறுப்பு ரிப் துணிக் காலரை, கழுத்துச் சுற்றளவில் 85 சதவீத நீளத்துக்கு வெட்டி இழுத்துத் தைத்தால் கழுத்தோடு ஒட்டி நிற்கும். கழுத்துச் சுற்றளவின் முழு நீளத்துக்கு வெட்டியது வாய் பிளந்து நின்றது.

இஸ்திரிப் பெட்டியை வெலூரின் முகத்தில் வைக்கக் கூடாது. துண்டு விரித்து, துணியைக் கவிழ்த்துப் போட்டு, ஆவி மட்டும் காட்டுங்கள். ரோமம் ஒருமுறை நசுங்கினால் எழாது.

சட்டைக் கையின் முனையில் வரும் ஜரிகைப் பதவிப் பட்டைகளில்தான் பலர் தவறுகிறார்கள். கேப்டனுக்கு இரண்டு முழுப் பட்டை, நடுவே துண்டு துண்டாக விட்டுவிட்டு வரும் பட்டை ஒன்று. ஸ்பாக் போன்ற கமாண்டருக்கு இரண்டு முழுப் பட்டை. மெக்காய், ஸ்காட் ஆகிய லெப்டினென்ட் கமாண்டர்களுக்கு முழுப் பட்டை ஒன்று, விட்டுவிட்டு ஒன்று. லெப்டினென்டுக்கு ஒன்று, என்சைனுக்கு எதுவுமில்லை. கையைக் குழாயாக மூடும் முன், விரித்த நிலையிலேயே ஜரிகையைக் கையால் தையுங்கள். மெஷின் துணியை இழுத்துப் பட்டையைக் கோணலாக்கும். விட்டுவிட்டு வரும் பட்டைக்கு 1 செ.மீ. துண்டுகள், அதே அளவு இடைவெளி வைத்தோம். வெட்டு முனைகளில் நிறமற்ற நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டால் பிரியாது. தீயில் காட்டினால் ஜரிகை கருகும்.

இடமார்பில் வரும் அம்புமுனைச் சின்னம் அந்தத் தொடரில் கிர்க்கின் கப்பலான எண்டர்பிரைஸ் ஆட்களுடையது. எக்ஸிடர், கான்ஸ்டலேஷன் கப்பல்காரர்கள் வேறு சின்னம் அணிந்தார்கள். கேப்டன் சேர்ந்த கட்டளைப் பிரிவுக்கு, சின்னத்தின் உள்ளே நீண்ட நட்சத்திரம் வரும். சின்னத்தின் இடத்தை மேசையில் அளந்து குறிக்காதீர்கள். சட்டையைப் போட்டு நிற்கவைத்துக் குறியுங்கள். வெலூர் தன் எடையிலேயே கீழே இறங்கும், மேசையில் வைத்த குறி உடம்பில் விலாவுக்குப் போய்விடும்.