மஞ்சள் கரிசலாங்கண்ணியை இலையைப் பார்த்து அறிதல்

மூன்று ஆண்டுகளாக மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பி நான் வளர்த்து வந்த செடி உண்மையில் அதுவன்று என்று தெரிந்தபோது, வருத்தத்தைவிடக் கவலையே மிகுந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அதன் கொடியைக் கிள்ளி, அதே பெயரைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். என்னிடம் இருந்தது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா, அதாவது தரையை மூடிப் படர்வதற்காக அழகுச்செடியாக நடப்படும் சிங்கப்பூர் டெய்சி. நான் தேடியதோ அதே பேரினத்தின் மற்றோர் இனமான ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. பொற்றலைக் கையாந்தகரை என்பதும் இதுவே.

இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடிகள். இரண்டும் கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு படர்பவை. இரண்டிலும் நீண்ட காம்பின் நுனியில் ஒற்றை மஞ்சள் பூ நிற்கும். பூ என்று நாம் சொல்வதும் ஒரு பூ அன்று. அதைக் கையில் பிரித்துப் பார்த்தால், வெளி வட்டத்தில் இதழ்போல் நீண்டிருக்கும் ஒவ்வொன்றும் தனிப் பூ என்பதும், நடுவில் நெருங்கியிருக்கும் சின்னஞ்சிறு குழல்கள் ஒவ்வொன்றும் தனிப் பூவே என்பதும் தெரியும். இந்த அமைப்பு இரண்டு செடிகளுக்கும் பொது என்பதால், மஞ்சள் பூவை மட்டும் நம்பிப் பெயர் சொல்பவர் நான் தவறிய இடத்திலேயே தவறுவார்.

இலைதான் உண்மையைச் சொல்லும். சிங்கப்பூர் டெய்சியின் இலை தடித்து, மேற்புறம் பளபளப்பாக, விளிம்பில் தெளிவான பற்களோடு இருக்கும். பல இலைகளில் இருபக்கமும் ஒரு மடல் பிதுங்கி, மூன்று மடல் கொண்டதுபோல் தோன்றும். 'டிரைலோபேட்டா' என்ற சொல்லுக்கே மூன்று மடலுடையது என்றுதான் பொருள். கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டது, மடல் இல்லை, விளிம்பில் ஓரிரு மங்கலான பற்கள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். விரலால் நுனியிலிருந்து காம்பை நோக்கித் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது, இலையோடு ஒட்டிப் படுத்த விறைப்பான வெண்முடிகள் வரிசையாகத் தெரிந்தன. ஆனால் ஒரே இலையைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. டிரைலோபேட்டாவிலும் இளங்கொடியின் சில இலைகள் மடலின்றி இருக்கும். ஒரு கொடியில் பத்து இலைகளையாவது பார்த்துவிட்டுப் பெயர் சொல்வதே என் வழக்கமாகிவிட்டது.

பெயர்க் குழப்பமும் இந்தத் தவற்றுக்குத் துணைபோகிறது. பழைய நூல்களில் இரண்டுமே வெடேலியா என்ற பேரினத்தில்தான் இருந்தன. 1996இல்தான் இன்றைய பெயர்களுக்கு மாற்றப்பட்டன. அதனால் 'வெடேலியா' என்று மட்டும் எழுதிய பெயர்ச்சீட்டு எந்தச் செடியையும் உறுதிசெய்யாது.

மஞ்சள் கரிசலாங்கண்ணியை வளர்ப்பது எளிது. மூன்று கணுக்கள் உள்ள தண்டை வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி படுக்கையாக நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானே வளரும் செடி என்பதால், உச்சிவெயிலில் காய்ந்துபோகும் சிறு தொட்டியைவிட அகலமான தொட்டியே அதற்கு ஏற்றது. நெருங்கிப் படர்ந்த கொடியை அவ்வப்போது கத்தரித்துவிட்டால் புதுத் தளிர் விடும்.

சிங்கப்பூர் டெய்சியை அகற்றுவதுதான் பெரும்பாடு. அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரிய இச்செடி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மண்ணில் ஒரு கணு தங்கினாலும் மீண்டும் தழைக்கும். தென்சீனத்தில் இவ்விரண்டும் கலந்து கலப்பினம் உருவானதும் பதிவாகியிருக்கிறது என்பதால், அழகாக இருக்கிறதே என்று இரண்டையும் அருகருகே வைக்க எனக்கு மனமில்லை. பிடுங்கிய கொடிகளை உரக்குழியில் இடாமல், வெயிலில் சருகாகும்வரை உலர்த்தினேன். கொடி வாங்கிச் சென்றவர்களிடமும் உண்மையைச் சொல்லி, பத்து இலைகளைப் பார்க்கும் முறையைக் காட்டிவிட்டேன். பழைய பாத்தியில் இன்னமும் வாரம் ஒருமுறை குனிந்து, பளபளப்பான தளிர் ஏதும் தலைகாட்டுகிறதா என்று பார்த்து வருகிறேன்.