அக்டோபரில் அந்தமான்: காற்றைப் பார்த்து நாள் குறித்தோம்

பெங்களூரில் கோடை விடுமுறையை விட்டால் பிள்ளைகளுக்கு நீளமாக லீவு கிடைப்பது தசராவுக்குத்தான். அத்தையும் ஊரிலிருந்து வந்திருந்தார், என் கணவருக்கும் ஆயுத பூஜையை ஒட்டி லீவு சேர்த்துப் போட முடிந்தது, அதனால் அந்தமான் என்று முடிவானபோதே மாதம் அக்டோபர் என்பதும் முடிவாகிவிட்டது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். சரிதான், அதுதான் நல்ல காலம். ஆனால் அக்டோபரில் மட்டுமே போக முடியும் என்கிற குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நாங்கள் செய்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மழைப் பயத்தை ஓரமாக வையுங்கள். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3000 மி.மீ. மழை பெய்கிறது, சென்னையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் நம் நாட்டில் முதலில் தொடுவதே அங்கேதான், அது விலகி முடிப்பதற்குள் வடகிழக்கு வந்துவிடும், ஆக வருஷக் கடைசி வரை ஏதோ ஒரு மழை இருந்துகொண்டே இருக்கும். கொட்டும், நிற்கும், அப்புறம் சுள்ளென்று வெயில் அடிக்கும். அதனால் பயணம் கெடாது. படகு ஓடாவிட்டால்தான் கெடும், படகை நிறுத்துவது காற்றும் அலையும்தான்.

இந்தக் காற்றுக் கணக்கைப் புரிந்துகொள்ளத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். மே முதல் செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது, தீவுகளின் மேற்குக் கரையில் அலை முட்டும். நவம்பருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வரும், கிழக்குக் கரை கொஞ்சம் ஆட்டம் காணும். அக்டோபர் இரண்டுக்கும் நடுவே. ஒன்று ஓய்ந்து இன்னொன்று தொடங்காத இடைவெளி வாய்த்தால் கடல் அவ்வளவு அமைதியாக இருக்கும், கூட்டமும் இருக்காது. ஆனால் வங்கக் கடலில் புயல் பிறக்கும் காலமும் இதேதான். 2014இல் விசாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்ட ஹுட்ஹுட், அதற்குச் சில நாள் முன்பு அக்டோபர் 8 அன்று அந்தமானைக் கடந்துதான் போனது. 2016 டிசம்பரில் சென்னையில் மரமெல்லாம் சாய்த்த வர்தாவை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அது புயலாவதற்கு முன்பே அந்தமானில் படகுகளை நிறுத்திவிட்டது, ஹேவ்லாக், நீல் தீவுகளில் சுமார் 1400 சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள், கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை அழைத்து வந்தன.

இதையெல்லாம் படித்த பிறகு எங்களுக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. எந்த ஊரை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கே ஒரு டிராவல்ஸில் கொடுத்த திட்டத்தில் விமானம் இறங்கும் போர்ட் பிளேர் முதலில், ஹேவ்லாக் கடைசியில், விமானத்துக்கு முந்தின நாள் சாயங்காலப் படகில் திரும்புவது என்று இருந்தது. பருவம் மாறும் மாதத்தில் அப்படிப் போகவே கூடாது. ஒரு படகு ரத்தானாலும் விமானம் போச்சு. நாங்களே டிக்கெட் போட்டுக்கொண்டோம்: இறங்கியதும் ஹேவ்லாக், அங்கிருந்து நீல், பிறகு போர்ட் பிளேர். செல்லுலார் ஜெயில், மியூசியம் என்று மழையிலும் பார்க்கக்கூடியவற்றையெல்லாம் கடைசி நாட்களுக்குத் தள்ளினோம். படகு ஒரு நாள், ஏன் இரண்டு நாள் தாமதித்தாலும் போர்ட் பிளேரில்தான் நேரம் குறையும், விமானம் தப்பாது. ஸ்கூபா டைவிங் செய்பவர்களுக்கும் இந்த வரிசைதான் ஒத்துவரும், ஏனென்றால் டைவ் முடிந்து ஒரு நாளாவது விமானம் ஏறாமல் இருப்பது நல்லது என்பார்கள்.

(ஒரு விஷயம். போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஹேவ்லாக் 2018இலேயே ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. டிக்கெட் போடும்போது இரண்டு பெயரும் கண்ணில் படும், குழம்ப வேண்டாம்.)

ரூமையும் காற்றைப் பார்த்தே எடுத்தோம். ஹேவ்லாக்கில் எல்லோரும் ஆசைப்படும் ராதாநகர் கடற்கரை மேற்கில் இருக்கிறது, விஜயநகர், காலாபத்தர் எல்லாம் கிழக்கில். அக்டோபர் முதல் பாதி என்றால் தென்மேற்குக் காற்றின் மிச்சம் இருக்கும் என்று கிழக்குப் பக்கம் தங்கினோம். எங்களை ஏர்போர்ட்டிலிருந்து படகுத்துறைக்கு அழைத்துப் போன கார் டிரைவர் ராமநாதபுரத்துப் பூர்வீகம், அப்பா காலத்திலேயே அங்கே போனவர்கள். அவர் சொன்னதும் அதுவேதான், மேற்குக் காற்றைத்தான் கச்சான் என்றார்: "கச்சான் இன்னும் முழுசா விடலைம்மா, ராதாநகர்ல பெரியவங்களைத் தண்ணியில இறக்காதீங்க, தூரத்துல நின்னு பாருங்க." அப்படியே செய்தோம். அந்தப் பக்கம் வெள்ளை நுரையாக வந்து அறைந்துகொண்டிருந்த அதே நாளில், எங்கள் ரூமுக்கு எதிரே தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. அத்தை முழங்கால் அளவு நீரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வானிலையைப் பார்ப்பதில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. "தெற்கு அந்தமான் கடல் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது" என்று செய்தியில் சொன்னால், நமக்கு வர இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்று இருந்துவிடுவோம். அங்கே இருப்பவர்களுக்கு அது அன்றைய செய்தி. அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைத் தினமும் பார்த்தேன். தாழ்வுப் பகுதி என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். தாழ்வு மண்டலம் என்றால் மணிக்கு 31 முதல் 49 கி.மீ. காற்று, படகை நம்பக் கூடாது. 62 கி.மீ.க்கு மேல் போனால் புயல், அப்போது பயணத்தையே தள்ளிப்போடுவதுதான் சரி. இதைவிட எளிய அடையாளம் மீனவர்களுக்கான எச்சரிக்கை. அந்தமான் கடலுக்குள் போக வேண்டாம் என்று வந்துவிட்டால் அன்றைக்குச் சுற்றுலாப் படகும் சந்தேகம்தான். அலை உயரத்துக்கு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் கணிப்பைப் பார்க்கலாம்.

படகு ரத்தாவது எங்களுக்கும் நடந்தது. நீல் தீவிலிருந்து திரும்ப வேண்டிய காலையில் படகுத்துறைக்குப் போனால் கவுண்டர் மூடியிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஒரு தாளைக் கம்பியில் கட்டியிருந்தார்கள், உறைக்குள்ளும் ஈரம் இறங்கி மை ஊறியிருந்தது: வானிலை காரணமாக அன்றைய படகுகள் எல்லாம் ரத்து. பக்கத்தில் ஒரு இளம் தம்பதி, அன்று மதியமே அவர்களுக்கு விமானம். அந்தப் பெண் போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டிருந்ததைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. அத்தை போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் அதே ரூமுக்குத் திரும்பினோம், சீசன் இல்லாததால் இடம் இருந்தது. வானிலையால் அவர்களே ரத்து செய்தால் டிக்கெட் பணம் முழுதும் திரும்ப வரும், நாமாக ரத்து செய்தால்தான் பிடித்தம், எங்களுக்கும் முழுதாக வந்தது. புக் செய்யும் முன் அந்த நிபந்தனையை ஒரு முறை படித்துவிடுங்கள்.

மறுநாள் படகு விட்டார்கள், கடல் முழுதாக அடங்கியிருக்கவில்லை. கீழ்த்தளத்தில் நடுவில், கொஞ்சம் பின்பக்கம் இடம் கேட்டு வாங்கினோம், அங்கே ஆட்டம் குறைவு. வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும், ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துறையை விட்டு வெளியே வந்ததுமே ஒரு பையன் வரிசை வரிசையாக வந்து, யாரும் கேட்காமலே ஆளுக்கொரு கவரைக் கையில் திணித்துவிட்டுப் போனான். என் மகள் அதை உடனே பயன்படுத்தினாள். அத்தை கண்ணை மூடி முருகா முருகா என்று சொன்னவர் கரை வரும் வரை திறக்கவே இல்லை. போர்ட் பிளேரில் இறங்கியதும் முதலில் வெற்றிமலை முருகன் கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார், போனோம்.

இன்னும் சில. அங்கே அக்டோபரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், அதனால் எப்போதும் காலைப் படகையே போடுங்கள், அது ரத்தானாலும் மதியப் படகு என்று ஒன்று மிச்சம் இருக்கும். கடைசி நேரம் வரை பணம் திரும்பத் தரும் ரூமாகப் பார்த்து எடுங்கள், கொஞ்சம் விலை கூட என்றாலும் பரவாயில்லை. 2020இல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போட்ட பிறகு நெட் முன்பைவிடப் பரவாயில்லை, இருந்தாலும் கையில் ரொக்கம் வேண்டும்.

கோடை லீவில், மே முதல் பாதியில் போக நினைப்பவர்களுக்கும் இதே கணக்குதான். மூன்றாவது வாரத்துக்குள் திரும்பிவிடுகிற மாதிரி நாள் குறியுங்கள், ரூமைக் கிழக்குக் கரையில் எடுங்கள், போர்ட் பிளேரைக் கடைசியில் வையுங்கள்.